தப்பு கேட்டவருக்குக் கேலியா பதில்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து அறையில் இருந்துகொண்டு கைபேசியிலேயே இசையமைக்கும் இளைஞர் ஒருவரை நமக்குத் தெரியும். மாசி மாதக் காமன் கூத்தை வைத்து ஒரு பாட்டு அமைக்க முனைந்தார். இணையவழி இசை மென்பொருளில் தட்டியதும் ஒலிக்க ஆயத்தமாக இருக்கும் ப்ரீசெட் ஒலிகளை எல்லாம் துழாவினார். தபேலா இருந்தது, தப்பு என்ற தோல் மேளம் இல்லை. எப்போது சேர்ப்பீர்கள் என்று உதவிப் பிரிவுக்கு எழுதினார். வந்த பதிலில் ஒரு சிரிப்புப் படம். அதன் கீழே, வாளியைக் கவிழ்த்துத் தட்டினால் அதே சத்தம் வரும் என்றொரு வரி. அதைக் கண்ட நம்மவர் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். சாவு மேளம் பாட்டுக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டார்.

இரண்டையும் வன்மையாகக் கண்டிக்கிறோம். இரண்டாவதை இன்னும் வன்மையாக.

விடியற்காலையில் தோட்டத்து மக்களை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு எழுப்பியது தப்பு. மாசியில் காமனுக்குக் கம்பம் ஊன்றுவது முதல் அவனை எரிக்கும் இரவு வரை கூத்தை நடத்திச் செல்வதும் அதுவே. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளுக்கும் அது வேண்டும். சாவு வீட்டில் கேட்கும் அடி வேறு, திருவிழாவில் கேட்கும் அடி வேறு. தூரத்து மலைச் சரிவில் நிற்பவர்கூட அடியைக் கேட்டே சேதியை அறிவார். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தின் விடியலைத் தப்பொலியோடு சேர்த்தே எழுதினார். இதைச் சாவு மேளம் என்று தள்ளுகிறவர் வாத்தியத்தையா இழிவுபடுத்துகிறார்? தலைமுறை தலைமுறையாக அதை அடித்த மக்களின் சாதியைத்தான். கப்பலேறி வந்த அந்தப் பழைய இழிவு 200 ஆண்டுகள் கடந்தும் கைபேசித் திரைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாளி என்று சொன்னவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வட்ட மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல் அது. நுவரெலியாவின் பனியிலும் மூடுபனியிலும் ஈரமேறித் தளர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் சுதி ஏறும். குட்டையான தடித்த குச்சி ஒரு கையில், நீண்ட மெல்லிய குச்சி மறு கையில். நடுவில் விழும் அடிக்கு ஒரு நாதம், ஓரத்தில் விழும் அடிக்கு இன்னொன்று. இதில் எது வாளியில் கிடைக்கும்?

மென்பொருளில் தப்பு இல்லாமற் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1991இல் அமெரிக்க, ஜப்பானிய இசைக் கருவி உற்பத்தியாளர்கள் கூடி ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலை வகுத்தார்கள். அதில் 128 ஒலிகள். அவை தவிர 47 தாள ஒலிகள். ஜப்பானியரின் கோட்டோவும் ஷாமிசெனும் இடம்பெற்றன. சிதாரும் ஷெனாயும் சேர்ந்தன. தாளப் பட்டியலில் பொங்கோவும் கொங்காவும் உண்டு; மிருதங்கம் இல்லை, தபேலாகூட இல்லை. தப்பை அங்கு எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை. பின்னர் வந்த மென்பொருள்கள் தபேலாவைச் சேர்த்துக்கொண்டன. அதைக் கேட்பவர்கள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து ஒருவர் கேட்டால் மட்டும் நகைப்பா?

செய்ய முடியாத காரியமும் அல்ல. காய்ச்சிய தப்பொன்றை நடுவிலும் ஓரத்திலும், மெதுவாகவும் ஓங்கியும் அடிக்கச் செய்து, ஒவ்வோர் அடியையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து விசைகளோடு இணைத்தால் போதும். இசை கற்பிக்கும் நம் நிறுவனங்கள், சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடமும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உட்பட, இதை ஏன் முன்னின்று செய்யக்கூடாது?

அந்த உதவிப் பிரிவு தன் பதிலை மீளப்பெற்று, அந்த இளைஞரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். சேர்க்க இயலுமா, எப்போது என்று நேராகச் சொல்ல வேண்டும். சேர்க்கும்போது 'இந்திய மேளம் 3' என்று எதையாவது எழுதாமல் தப்பு என்ற பெயரிலேயே சேர்க்க வேண்டும். அடித்துக் கொடுக்கும் கலைஞரின் பெயரும் அதிலேயே இருக்க வேண்டும். அவருக்குரிய கூலியை ஒலிப்பதிவு முடிந்த அன்றே கையில் கொடுக்க வேண்டும்.