வினாவும் விடையும்



தமிழிலக்கணம் பயில்வோனுக்குக் கணினி மொழியைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். இலக்கணம் எங்குண்டோ அங்கே எமக்கும் வேலையுண்டு என்பதே என் விடை.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் என்னும் மொழி, ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வகையை முன்னரே குறிக்க இடந்தந்து, வகை மயங்கின் பிழையெனக் காட்டும். 'அவன் வந்தது' என்பதை வழுவென்று கடியும் நம் இலக்கணத்தைப் போன்றதே அது. ஆதலின் அதில் எழுதினால் பிழையே நேராதென மாணவர் பலர் நம்புகின்றனர். யானும் நம்பினேன்.

நம் திருவண்ணாமலையில் மலைவலம் வருவோர்க்கு உதவுமாறு, எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று காட்டும் பக்கம் ஒன்றை எழுதினேன். ஒரு சுற்று சுமார் 14 கிலோமீட்டர். அவ்வளவை வேறொரு கணினியிடம் 'ஃபெட்ச்' என்னும் கட்டளையால் கேட்டுப் பெற்று, 'எண்' என்று வகை குறித்து, இரண்டு சுற்றுக்காக இருமுறை கூட்டினேன். திரையில் 1414 என்று வந்தது! பக்கத்து வீட்டுப் பாட்டியார் அதைக் கண்டு, "ஏன் தம்பி, ரெண்டு சுத்துக்குள்ளே காசிக்கே போயிடலாம் போலிருக்கே!" என்று நகைத்தார்.

நிகழ்ந்தது இதுவே: அக்கணினி 14 என்பதை எண்ணாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பியது. எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். நான் குறித்த வகையோ, பிரௌசரில் ஓடுமுன் அறவே நீக்கப்படுகிறது; அங்கே ஓடுவது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். வெளியிலிருந்து வரும் விடைக்கு நாம் இடும் வகைப்பெயர் நம் விருப்பமேயன்றி உண்மையன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ?

இன்னுமொன்று. கேட்ட பொருள் இல்லையென 404 என்னும் விடை வரினும், ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கொள்ளாது. விடை வந்ததென்றே கொள்ளும். 'ஓகே' என்னும் குறியை நாமே நோக்கியறிதல் வேண்டும். விடை எட்டு வகைப்படும் என்றும், அவற்றுள் மூன்றே நேரடி விடை என்றும் நன்னூல் கற்பிக்கின்றது. விடை வந்தது என்பதும், வேண்டிய விடை வந்தது என்பதும் வேறு வேறு என்பதை இலக்கண மாணவர் மறத்தல் தகுமோ?

ஆகவே, வரும் விடையை முதலில் 'அன்னோன்', அதாவது அறியப்படாதது, என்றே குறித்தல் வேண்டும். 2018 முதல் இவ்வகை அம்மொழியில் உள்ளது. பின்னர் எண்தானா என்று சோதித்து, தேறினால் மட்டும் எண் என ஏற்கலாம். நான்கு வரி மிகுதியாக எழுதுவது வீண் உழைப்பு என்பர் சிலர். 1414 என்பது நகைக்கத்தக்க பிழையாதலின் உடனே புலப்பட்டது. மருந்தின் அளவிலோ கட்டணத்திலோ சிறு பிழை புகுந்தால், அதைக் கண்டு நகைத்துத் திருத்த எந்தப் பாட்டியார் வருவார்?

வகை குறிப்பது நம் கடமையின் தொடக்கம். சோதிப்பதே அதன் நிறைவு என்பது என் துணிபு.