மே விடுமுறைக்குள் இறுகாத சுண்ணாம்பு

2012-இல் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த நம் உயர்நிலைப் பள்ளி வளாகங்கள் ஆணையத்தின் பட்டியலில் ஏற வேண்டும் என்பதே இந்த இதழின் நிலை. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் ஸ்மார்ட் வகுப்பறை எப்படி நுழையும் என்பதைத் தீர்மானிப்பது டெண்டர். கோடை விடுமுறையில் தொடங்கிப் பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அதில் எழுதியதுமே சுண்ணாம்புக்கு இடமில்லாமல் போகிறது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கித்தான் இறுகும். நாள் போதாத ஒப்பந்ததாரர் சிமென்ட்டுக்குத் தாவுகிறார். வயருக்காகச் சுவரில் காடி வெட்டி, சிமென்ட் வைத்து அடைத்த இடத்தை இரண்டு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். காடியின் இரு ஓரமும் உப்புப் பூத்திருக்கும்; விரல் பட்டாலே பழைய பூச்சு மாவாகக் கொட்டும். சிமென்ட்டைத் தாண்ட முடியாத ஈரம் பக்கத்துச் சுண்ணாம்பு வழியே வெளியேறுவதன் விளைவு இது. ஃபால்ஸ் சீலிங் இன்னும் மோசம். மெட்ராஸ் டெரஸ் கூரையின் தேக்குக் கட்டைகள் சுவருக்குள் பதிந்த முனைகளில்தான் முதலில் மட்கும். அந்த முனைகளையே ஃபால்ஸ் சீலிங் மறைத்துவிடுகிறது.

பிள்ளைகளின் உயிரைவிடச் சுண்ணாம்பு பெரிதா என்ற கேள்வி நியாயமானது. 2021 டிசம்பரில் நெல்லைப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின் அதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசு உத்தரவிட்டதும் சரியே. ஆனால் கட்டை முனையைத் துளையிட்டுப் பார்க்காமல், சுவரின் ஈரத்தை அளக்காமல், கட்டிய ஆண்டை மட்டும் பார்த்து இடிக்கச் சொல்லும் சான்றிதழால் யாருக்குப் பாதுகாப்பு? கையெழுத்துப் போட்டவருக்குத்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை என்ற சமாதானமும் எடுபடாது. 2012 தீயில் எரிந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹாலையும், பின்னர் ஹுமாயூன் மஹாலையும் மீட்டது நம் பொதுப்பணித் துறைதான். அங்கே ஆட்களும் கிடைத்தார்கள், ஆண்டுக்கணக்கில் அவகாசமும் கிடைத்தது. அரண்மனைக்குக் கொடுத்த அவகாசத்தைப் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை? மார்ச் 31-க்குள் கணக்கு முடிய வேண்டும் என்பதற்காக இன்னும் எத்தனை சுவர்களைப் பாழாக்குவது? பட்டியலைத் தொகுக்கும்போதே ஆணையம் இதையும் அரசிடம் வலியுறுத்த வேண்டும்: பழைய பள்ளிகளில் ஒரு நேரத்தில் ஒரு பிளாக் மட்டும் காலி செய்யப்பட வேண்டும், ஒப்பந்தம் இரண்டு நிதியாண்டுகளுக்கு நீள வேண்டும். அது வரும்வரை எஸ்டிமேட் போடும் நாமாவது வயரைக் காடிக்குள் புதைக்காமல் சுவருக்கு வெளியே கேசிங்கில் ஓட்டலாம். கட்டை முனைகள் கண்ணில் படும்படி கூரையைத் திறந்தே விடலாம்.