வாத்வான்: கணக்கில் வராத கடல்

மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில், தஹாணு வட்டத்தின் கடலோரத்தில் இருக்கும் சிற்றூர் வாத்வான். இங்கு ரூ.76,220 கோடி செலவில் மாபெரும் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க 2024 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். ஜவாஹர்லால் நேரு துறைமுக ஆணையம் 74 சதவீதமும் மகாராஷ்டிர கடல்சார் வாரியம் 26 சதவீதமும் பங்கேற்கும் திட்டம் இது.

வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையே வழக்கமாக நடக்கும் இழுபறிகளில் இதுவும் ஒன்று என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கு துறைமுகம் கூடாது என்று ஒரு முறை தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது. அதைச் சொன்ன அமைப்பே கால் நூற்றாண்டுக்குப் பிறகு அனுமதியும் அளித்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மாறியது என்ன என்பதுதான் கேள்வி.

தஹாணு வட்டத்தைச் சூழலியல் ரீதியாக எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பகுதி என்று 1991-இல் மத்திய அரசே அறிவித்தது. சப்போட்டா தோட்டங்களும், வார்லி பழங்குடியினரின் வாழ்விடங்களும், மீனவர் குடியிருப்புகளும் நிறைந்த வட்டம் அது. அந்த அறிவிக்கை காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டதன் விளைவாகவே தஹாணு வட்டச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் பிறந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சி.எஸ். தர்மாதிகாரி அதற்குத் தலைமை வகித்தார். பி அண்டு ஓ என்ற பன்னாட்டு நிறுவனம் வாத்வானில் துறைமுகம் அமைக்க முன்வந்தபோது, 1998-இல் அந்த ஆணையம் அதைத் திட்டவட்டமாக மறுத்தது. நிறுவனம் பின்வாங்கியது.

கைவிடப்பட்ட அந்த யோசனை 2014-க்குப் பிறகு புத்துயிர் பெற்றது. 2020 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டில், அதுவரை மிகுந்த மாசு விளைவிக்கும் "சிவப்பு' வகையில் இருந்த துறைமுகங்களை "தொழில் சாராதவை' என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகை மாற்றியது. தஹாணுவில் சிவப்பு வகைத் தொழில்களுக்கு இருந்த தடை இதன் மூலம் வாத்வானுக்குக் குறுக்கே நில்லாமல் போயிற்று. 2023 ஜூலையில் பாதுகாப்பு ஆணையம் நிபந்தனைகளுடன் இசைவு தந்தது. 2024 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளை ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மனுதாரர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். கடலும் பாறையும் 1998-இல் இருந்தபடியேதான் இருக்கின்றன. மாறியது ஏட்டில் உள்ள ஒரு சொல்.

திட்டத்தை ஆதரிப்போரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கரைக்கு அருகிலேயே சுமார் 20 மீட்டர் இயற்கை ஆழம் கிடைக்கும் இடங்கள் மேற்குக் கரையில் அரிது. இன்றைய ராட்சத பெட்டகக் கப்பல்களுக்கு அந்த ஆழம் தேவை. இந்தியாவுக்கு வரும் பெட்டகங்களில் கணிசமானவை கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இறக்கி ஏற்றப்படுவதால் வர்த்தகர்களுக்குக் கூடுதல் செலவாகிறது. ஆண்டுக்கு 29.8 கோடி டன் சரக்கைக் கையாளும் துறைமுகம் அமைந்தால் அச்செலவு குறையும், வேலைவாய்ப்பும் பெருகும். துறைமுகம் கடலைத் தூர்த்து அமைக்கப்படுவதால் கிராமங்கள் இடம்பெயர நேராது என்றும் கூறப்படுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. தூர்க்கப்பட இருப்பது 1,448 ஹெக்டேர் கடல். எழுப்பப்பட இருப்பது 10 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள அலைதடுப்புச் சுவர். ஒரு கூரைகூடப் பிரிக்கப்படாமல் இருக்கலாம். ஆனால் மீனவரின் வயல் கூரைக்கு அடியில் இல்லை, கடலில் இருக்கிறது. அந்த வயலுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாத சொத்து பறிபோனால் அதைக் கையகப்படுத்தல் என்று எந்தச் சட்டமும் அழைப்பதில்லை. வாத்வானின் பாறைத் தளம் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் இடம். நீர் வற்றும் வேளையில் படகின்றிப் பாறைகளில் நடந்தே நண்டும் சிப்பியும் சேகரிப்போரும் அங்கு உண்டு. படகுப் பதிவேட்டை வைத்து இழப்பீடு கணக்கிட்டால் இவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. மீனைத் தரம் பிரித்து, உலர்த்தி, தலைச்சுமையாக விற்கும் பெண்களின் நிலையும் அதுவே.

2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகரை அமர்த்துவதும் அவருக்கு ஊதியம் தருவதும் திட்டத்தை நிறைவேற்றும் நிறுவனமே. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு கேட்பதற்கு ஒப்பானது இந்த ஏற்பாடு. பழவேற்காட்டை ஒட்டிய காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தின்போதும், குமரி மாவட்டத்தில் இனயம் துறைமுகத்துக்கு 2016-இல் கொள்கையளவில் ஒப்புதல் தரப்பட்டபோதும் மீனவர்கள் எழுப்பிய ஐயங்களுக்கும் அடிப்படை இதுதான். தமிழகக் கடலோரத்துக்கும் வாத்வான் ஒரு பாடம்.

அனுமதி தரப்பட்டுவிட்டதாலேயே அரசின் பொறுப்பு முடிந்துவிடவில்லை. கடலை நம்பி வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும், படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிராம சபைகளின் முன்னிலையில் கணக்கெடுக்க வேண்டும். இழப்பீடு கருணைத் தொகையாக அன்றி, சட்ட உரிமையாக வரையறுக்கப்பட வேண்டும். கரை அரிப்பும் மீன்வளமும் துறைமுக நிறுவனத்தின் ஊதியம் பெறாத ஓர் அமைப்பால் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு, மராத்தியில் வெளியிடப்பட வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் பணியை நிறுத்தும் அதிகாரம் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்க வேண்டும்.

நாட்டுக்குத் துறைமுகங்கள் தேவை என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் அந்தத் தேவைக்கான விலையை யார் தருகிறார்கள் என்பதை மறைக்கும் மதிப்பீடு, மதிப்பீடே ஆகாது. விலங்கிட வேண்டிய விதியை வகை மாற்றித் தளர்த்திவிடலாம். தூர்த்த கடலை அப்படித் திரும்பப் பெற முடியாது.