2030 கெடு: கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்!



சரக்கு வாங்கிய ஒருவர் பணத்துக்குக் கெடு சொல்கிறார். கெடு நெருங்கும்போது, "இன்னும் 32 வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். உங்களில் எவராவது ஒத்துக்கொள்வீர்களா? கணக்குப் புத்தகத்தை எடுத்து வை என்று கேட்க மாட்டீர்களா?

உலக நாடுகளின் அரசுகள் மக்களுக்குச் சொல்லியிருக்கும் பதில் ஏறக்குறைய இதுதான்!

2015 செப்டம்பரில் ஐ.நா. சபையின் 193 உறுப்பு நாடுகளும் 17 வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. வறுமை ஒழிய வேண்டும், பசி தீர வேண்டும், எல்லோருக்கும் கல்வி, மருத்துவம், குடிநீர், கண்ணியமான வேலை கிடைக்க வேண்டும். இதற்கெல்லாம் அவர்களே வைத்துக்கொண்ட கெடு 2030. ஆனால், இப்போதைய வேகத்தில் போனால் ஆசிய பசிபிக் பகுதி 2062க்கு முன் இந்த இலக்குகள் அனைத்தையும் எட்டாது என்று ஐ.நா.வின் ஆசிய பசிபிக் பொருளாதார, சமூக ஆணையமே 2024இல் அறிவித்துவிட்டது.

2015இல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு 2030இல் வயது 15. 2062இல் 47! பள்ளிக்கூடப் பருவத்தில் கிடைக்க வேண்டிய கல்வியையும் சத்துணவையும் 47 வயதில் கொண்டுபோய்க் கொடுத்து என்ன பயன்?

வரவுப் பக்கம்

எல்லாம் நஷ்டம் என்று புலம்புவது நேர்மையான கணக்கு ஆகாது. 2000ஆம் ஆண்டில் ஐ.நா. அறிவித்த முந்தைய 8 இலக்குகளுக்கு 2015 கெடுவாக இருந்தது. அதில் நமது தெற்காசியா சம்பாதித்தது கொஞ்சமல்ல. 1990இல் தெற்காசிய மக்களில் பாதிப் பேர் கொடிய வறுமையில் கிடந்தார்கள். 2015இல் அது 17 சதவீதமாகக் குறைந்தது. 1990இல் தொடக்கப் பள்ளியில் 100 பையன்களுக்கு 74 பெண் பிள்ளைகளே சேர்ந்தார்கள். 2015இல் 100க்கு 103! 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட 11 நாடுகள் அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இந்த வரவில் வங்கதேசத்தின் பங்கை நாம் தனியாகப் படிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கொத்துக் கொத்தாக மடிந்த நாடு அது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கவைத்தே காலராவில் இருந்து உயிரைக் காக்க முடியும் என்பது 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வில் உறுதியானது. 1971 போரின்போது எல்லையில் இருந்த பொங்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அதை நடைமுறைப்படுத்தினார். 30 சதவீத அளவில் இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த அறிவு குடிசைக்கு எப்படிப் போனது? 1980 முதல் 1990 வரை பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அளவான தண்ணீர். அவ்வளவுதான் மருந்து! அந்த ஊழியர்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? எத்தனை வீடு ஏறினார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. பிறகு போய்ச் சோதிக்கும்போது தாய்மார்கள் எந்த அளவுக்குச் சரியாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கூலி கொடுத்தார்கள். வேலை நடந்ததா என்பதை விட, பலன் சேர்ந்ததா என்று கேட்ட நிர்வாகம் அது. வணிகர்களுக்கு இந்த நுட்பம் புரியும்.

பற்றுப் பக்கம்

இனி அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். 1990இல் தெற்காசியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 126 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2015இல் அது 50 ஆனது. பெரிய சாதனைதான், ஆனாலும் எட்ட வேண்டிய இலக்கு 42. அந்த பாக்கியோடுதான் புதிய கணக்கே தொடங்கியது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 53 சதவீதமாக இருந்தது கூடிவிட்டது!

பாராட்டிய வங்கதேசத்தில்கூடப் பாதிப் பெண்களுக்கு 18 வயதுக்குள் திருமணம் நடந்துவிடுவதாக 2019 கணக்கெடுப்பு சொன்னது. ஆப்கானிஸ்தானில் 2021 முதல் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியின் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. 2022இல் பாகிஸ்தான் வெள்ளம் 3 கோடியே 30 லட்சம் மக்களைப் பாதித்தது. அதே 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடி அந்நாட்டின் வறுமையை ஒரே ஆண்டில் இரு மடங்காக்கியது. பல ஆண்டு சேமிப்பு ஒரே மழையில், ஒரே நெருக்கடியில் கரைந்துபோகிறது.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது யார்?

நிதி ஆயோக் வெளியிட்ட 2023-24 இலக்குப் பட்டியலில் கேரளாவும் உத்தராகண்டும் 79 மதிப்பெண். தமிழ்நாடு 78. பீகார் 57. இந்தியா முழுவதற்கும் 71. நமது மாநிலம் முன்வரிசையில் நிற்பதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் 78 என்பது எல்லோரையும் கூட்டி வகுத்த கணக்கு. ஒரு கடைவீதியின் மொத்த வியாபாரம் கூடினால், மூலையில் இருக்கும் சின்னக் கடைக்காரரும் பிழைத்துவிட்டார் என்று பொருளா?

2006இல் சச்சார் குழு செய்ததே இந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்த வேலைதான். 2001 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 65.1 சதவீதம், முஸ்லிம்களிடையே 59.1 சதவீதம். 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது பாதியில் நின்றவர். பிரித்துப் பார்க்காதிருந்தால் இது வெளியே வந்திருக்குமா? நமக்கு மட்டுமல்ல; தலித், பழங்குடி, மீனவ மக்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். "எவரையும் பின்னால் விட்டுவிடக் கூடாது" என்பதுதான் 2015 உறுதிமொழி. பின்னால் நிற்பது யார் என்று எண்ணிப் பார்க்காமல் அதை எப்படி நிறைவேற்றுவது?

நம் கையில் இருப்பது

வணிகர்களே! உலக இலக்கு நியூயார்க்கில் மட்டும் இல்லை, உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலும் இருக்கிறது. கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உங்கள் கடையில் இருக்கை இருக்கிறதா? பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் ஒரு பையன் உங்கள் கடையில் டீ வாங்கி வருகிறானா? எட்டாவது இலக்கான கண்ணியமான வேலையும், நான்காவது இலக்கான கல்வியும் அங்கேதான் தோற்கின்றன.

இளைஞர்களே! கிராம சபைக்கும் வார்டு கூட்டத்துக்கும் போங்கள். நமது பகுதியில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் எத்தனை பேர்? குடிநீர் வராத தெரு எது? இந்த மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் மஹல்லாவில் நீங்களே வீடு வீடாகக் கணக்கெடுங்கள். வங்கதேசத்தின் ஏழைப் பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை ஏறி இறங்கினார்களே, நம்மால் முந்நூறு வீடு முடியாதா?

கெடு தப்பினால் அரசுகள் இன்னொரு மாநாடு கூட்டி, இன்னொரு தேதி குறித்துக்கொள்ளும். 15 வயதில் படிப்பை விட்ட பிள்ளைக்கு இன்னொரு 15 வயது வராது!