நம் கடலை, நம் எண்ணெய், பதிவு எதற்கு?

விளைபொருளை அப்படியே மூட்டை கட்டி விற்பதோடு நம் உழவர் பெருமக்கள் இன்று நின்றுவிடவில்லை. நிலக்கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கிறார்கள். கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி நாட்டுச் சர்க்கரை செய்கிறார்கள். கேழ்வரகை மாவாக்கிப் பொட்டலம் போடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் வியாபாரி சொல்வதே விலை என்றிருந்த நிலை இதனால் ஓரளவு மாறி வருகிறது. இது வரவேற்கத்தக்கது.

ஆனால் உணவுப் பொருள் விற்கப் பதிவு வேண்டும் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். "நம் நிலத்துக் கடலை, நாம் ஆட்டிய எண்ணெய். இதற்கு அரசாங்கப் பதிவு எதற்கு?" என்று விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கடலை விவசாயிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனாலும் பதிவு செய்துகொள்வதே சிறு விவசாயிக்கு லாபம் என்பது என் உறுதியான கருத்து.

எல்லை எங்கே?

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2011 ஆகஸ்டு 5-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம் இது. விவசாயிக்கும் அவர் பண்ணையில் விளைந்த பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று அதன் 18-ஆம் பிரிவே கூறுகிறது. ஆகவே கடலைக் காயைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும், காய்கறியை உழவர் சந்தையில் விற்பதற்கும் இந்தப் பதிவு தேவையில்லை. வீட்டுச் செலவுக்கு எண்ணெய் ஆட்டிக்கொள்வதற்கும் தேவையில்லை.

கடலை எண்ணெயாகி, பாட்டிலில் அடைத்து, பிறருக்கு விலைக்குக் கொடுக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அப்போது விவசாயி உணவு வணிகரும் ஆகிவிடுகிறார். கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் செக்கு ஆலைக்காரர் பதிவு பெற்றிருக்கலாம். அந்த எண் அவருடைய தொழிலுக்கு உரியது. விற்பவருக்குத் தனியாகப் பதிவு வேண்டும்.

பதிவு பெறும் முறை

சிறு வணிகருக்குப் பதிவு, பெரியவருக்கு உரிமம் என இரண்டு நிலைகள் உள்ளன. 2011-இல் விதிகள் வந்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்குப் பதிவு போதும் என்றும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வகுத்தார்கள். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை. எனவே விண்ணப்பிக்கும் முன் உங்கள் வட்டாரத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் இணையதளம் வழியாகத்தான் செல்கிறது. புகைப்படமும் ஆதார் போன்ற அடையாளச் சான்றும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்திற்கோ, கணினி தெரிந்த பிள்ளைகளிடமோ சென்றால் போதும். தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். 2011 விதிகளின்படி பதிவு விண்ணப்பத்தின் மீது 7 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். நேரில் பார்வையிடுவதானால் 30 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். இந்தக் கெடு விவசாயிக்கு ஒரு பாதுகாப்பு. விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ கடை வைப்பதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதையும் அந்தந்த அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எண் தரும் பலன்

100 கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோ பருப்பு கிடைக்கும். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு கிலோ எண்ணெய் என்று வைத்தால் 28 கிலோ எண்ணெய். பிண்ணாக்கு வேறு. உங்கள் ஊர் விலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காயாக விற்றால் கிடைப்பதற்கும், ஆட்டு கூலியும் பாட்டில் செலவும் போக எண்ணெயில் மிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம் விளங்கும்.

பதிவு இல்லாத எண்ணெய் உறவினர், தெரிந்தவர் என்ற வட்டத்தைத் தாண்டாது. நகரத்துக் கடைக்காரர் முதலில் கேட்பது 14 இலக்க எண்ணைத்தான். அது இல்லாவிட்டால், எண் வைத்திருக்கும் வேறொருவர் நம் எண்ணெயை மொத்தமாக வாங்கித் தம் சீட்டை ஒட்டி விற்பார். உழைப்பு நமக்கு, லாபம் அவருக்கு என்றாகிவிடும்.

சட்டம் வீண் தொல்லை அல்ல

சரியாகக் காயாத கடலையில் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. இது கல்லீரலைக் கெடுப்பது. சமையல் சூட்டில் அழிந்துவிடாது. ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கு எண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு இல்லை. ஆகவே செக்கு எண்ணெயின் தரம் களத்திலேயே முடிவாகிறது. காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை உலர்த்த வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் கண்டது ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கிய பின்பே ஆட்ட வேண்டும். பொறுக்கியதை மாட்டுக்கும் போடக்கூடாது. நஞ்சு பாலில் இறங்கும்.

எண்ணெயை அளந்து ஊற்றி விற்காமல், அடைத்து மூடியே விற்க வேண்டும் என்பது விதி. பழைய டின்னையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் மறுபடி பயன்படுத்தக்கூடாது. சீட்டில் பெயர், அளவு, தயாரித்த நாள், எந்த நாள் வரை பயன்படுத்தலாம் என்பது, தொகுதி எண், விலை, உங்கள் முகவரி, பதிவு எண், சைவ உணவுக்கான பச்சைக் குறி ஆகியவை இருக்க வேண்டும். வாங்குகிறவர் நம்பி வாங்க இவையே ஆதாரம்.

அரசு செய்ய வேண்டியது

கடமை விவசாயிக்கு மட்டும் உரியதல்ல. பதிவு எளிது என்று சொல்லிவிட்டு, கூலி வேலையை விட்டு மாவட்டத் தலைநகருக்கு அலையவிடுவது முறையாகாது. கடலை அறுவடைக்கு முன்பே வட்டார வேளாண்மை விரிவாக்க மையங்களிலும் உழவர் சந்தைகளிலும் பதிவு முகாம் நடத்த வேண்டும். சிறு தயாரிப்பாளரின் இடத்துக்கு முதல்முறை வரும் அலுவலர் குறையைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்ல வேண்டுமேயன்றி, நோட்டீசோடு வரக்கூடாது.

பரிசோதனை வசதியும் அருகில் வர வேண்டும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் கிண்டி, சேலம், கோவை, தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் உள்ளன. போளூர் விவசாயி ஒரு பாட்டில் எண்ணெயைச் சோதிக்கச் சேலத்துக்கோ கிண்டிக்கோ போக முடியுமா? மாதிரியை வட்டாரத்திலேயே வாங்கி அனுப்பி, குறைந்த கட்டணத்தில் முடிவைத் தெரிவிக்க ஏற்பாடு செய்வது கடினமான காரியம் அல்ல.

அதுவரை விவசாயிகள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டத்துக் கடலை களத்துக்கு வரும் முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். தனித்தனியாகத் தயங்குவோர் நாலைந்து பேராகச் சேர்ந்து போகலாம். விளைவித்தவர் பெயரே பாட்டிலின் மீதும் இருக்கட்டும்.