தொண்ணூற்றோராவது பிள்ளை



பங்குத்தந்தையாக இருப்பவன் பள்ளியின் தாளாளராகவும் இருக்க நேர்கிறது. குருமடத்தில் எனக்குத் தத்துவ இயலும் இறையியலும் கற்பித்த பெரியோர்கள், வருகைப் பதிவேட்டைப் பார்த்து நெஞ்சு படபடக்கும் கலையைக் கற்பிக்கவில்லை. அதை நான் கற்றுக்கொண்டது ஆகஸ்டு முதல் நாளிடமிருந்து.

அரசு உதவி பெறும் பள்ளிகளில், ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளன்று உள்ள மாணவர் தொகையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயம் செய்யப்படுகின்றன. தொடக்கப் பள்ளிக்கு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஓர் அளவுகோலைத் தந்துள்ளது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்; 61 முதல் 90 வரை 3; 91 முதல் 120 வரை 4. ஆகவே 91ஆவது பிள்ளை சாதாரணப் பிள்ளையன்று. ஓர் ஆசிரியரைக் கையோடு அழைத்துக்கொண்டு வரும் பிள்ளை. அப்பிள்ளை வாராதொழிந்தால், பல்லாண்டுகள் உழைத்த ஓர் ஆசிரியை ஒரே நாளில் 'உபரி' ஆகிவிடுவார். பணி நிரவல் என்ற பெயரில் அவரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவர். எனவே ஜூலைக் கடைசி வாரத்தில் எங்கள் தலைமையாசிரியை அம்மையார், தொழிற்சாலைகளுக்குப் பின்புறமுள்ள வரிசை வீடுகளில் ஏறி இறங்கி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களில் பள்ளி வயதுப் பிள்ளை உண்டா என்று கேட்டறிந்து வருவார்.

மாணவர் கூடினால் அரசின் உதவியும் கூடும், குறைந்தால் குறையும் என்ற இந்த நியதி, கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும் என்றுதான் நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தது எங்கள் பங்கிலுள்ள ஒரு குடும்பம்.

சென்ற ஆண்டு ஞாயிறு திருப்பலி முடிந்து நான் வெளியே வருகையில், ஒரு தாய் மகளோடு காத்திருந்தார். "சாமி, பொண்ணுக்குக் கவர்மெண்டு காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. அவங்க அப்பா கம்பெனிக்கே போகட்டும்னு சொல்றாரு. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

ஒரகடம் சாலையில் வாழ்வோர்க்கு இந்த வழக்கு புதிதன்று. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய நாள்தொட்டு, இப்பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் முன் இரண்டு வாயில்கள் திறந்தே இருக்கின்றன. அண்மைக் காலமாகக் கைப்பேசி உறுப்புகளைச் சேர்க்கும் ஆலைகள் பெண்பிள்ளைகளையே நாடி அழைக்கின்றன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு ஒன்றை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார் என்றால், அந்த அழைப்பின் வலிமையை நீங்களே உணரலாம். தகப்பனாரும் பொல்லாதவர் அல்லர். கடன் உள்ள வீடு. முதல் மாதமே சம்பளம் வரும் வாயிலை அவர் சுட்டிக்காட்டியதில் வியப்பில்லை.

நான் கல்லூரியின் பக்கம் பேசினேன். புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதந்தோறும் வரும் என்று எடுத்துரைத்தேன். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய அத்திட்டம் முதலில் அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மட்டுமே இருந்தது. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்ற நம் பிள்ளைகளுக்கும் 2024 டிசம்பரில்தான் அது விரிவாயிற்று. கற்பிப்புக் கட்டணமும் இல்லை. தகப்பனார் நெடுநேரம் மௌனமாக இருந்து, "சரி, சாமி சொல்றீங்க" என்றார்.

மூன்று திங்கள் கழித்து அந்தப் பெண் ஆலய வளாகத்தில் எதிர்ப்பட்டாள். படிப்பு எவ்வாறு இருக்கிறது என்று வினவினேன். "வகுப்புல எழுபது பேர் சாமி. ரெண்டு பாடத்துக்கு இன்னும் மேடம் வரல. கெஸ்ட் லெக்சரருக்கு ஆர்டர் வரலையாம்" என்றாள். என் சொல்லை நம்பிச் சம்பளத்தை விட்டவள் அவள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை பிள்ளைகள் கூடினார்களே, அவர்களோடு ஆசிரியர் ஏன் கூடவில்லை? ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எங்கள் பங்கில் இருக்கிறார். அவரிடம் கேட்டும், அரசின் ஆணைகளைப் படித்தும் நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் கூடியது உண்மை, பெருமைக்குரியதுங்கூட. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4; தமிழ்நாட்டுக்கு 47. இந்த வளர்ச்சிக்கு இடமளிக்க அரசு புதிய கல்லூரிகளைத் திறந்தது. 2022இல் தொடங்கப்பட்டவற்றுள் ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே உள்ளது. அதற்குமுன் இப்பகுதிப் பிள்ளைகள் செங்கற்பட்டில் 1970 முதல் இயங்கிவரும் இராஜேசுவரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரிக்கோ காஞ்சிபுரத்துக்கோ பேருந்து ஏறினர். இருக்கும் கல்லூரிகளிலும் இடங்கள் பெருகின. 2025இல் அரசுக் கல்லூரிகளில் நூற்றுக்கு 20, உதவி பெறும் கல்லூரிகளில் 15, சுயநிதிக் கல்லூரிகளில் 10 என்ற அளவில் இடங்களைக் கூட்டிக்கொள்ள அரசு இசைவளித்தது.

இருக்கையைக் கூட்டுவதற்கு ஓர் ஆணை போதும். ஆசிரியரைக் கூட்டுவதோ அவ்வளவு எளிதன்று. கல்லூரியில் அரசு பணம் கொடுப்பது பிள்ளையின் தலைக்கு அன்று, அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு. புதிய பணியிடம் வேண்டுமாயின் நிதித்துறை இசைய வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்க வேண்டும். தேர்வு நடத்த வேண்டும். இடையில் வழக்கு வந்தால் அதுவும் தீர வேண்டும். 2024 மார்ச்சுத் திங்களில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடைபெறவேண்டிய தேர்வு தள்ளி வைக்கப்பட்டது. பிள்ளைகளோ தள்ளி வைக்கப்படவில்லை. ஜூலையில் வந்து அமர்ந்துவிட்டார்கள்.

இந்த இடைவெளியை நிரப்புபவர்களே கௌரவ விரிவுரையாளர்கள். 'கௌரவ' என்னும் அடைமொழியை யார் சூட்டினார்களோ, அறியேன். 2024–25இல் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பணிபுரிந்தனர். மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டிலேயே இத்தகையோர்க்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று வரையறுத்திருந்தது. பல அரசுக் கல்லூரிகளில் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு 'ஷிப்டு' உண்டு. இரண்டாவதைப் பெரும்பாலும் தாங்கி நிற்பவர்கள் இவர்களே. நம் பகுதியில் 'ஷிப்டு' என்ற சொல்லின் பொருளை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆலையில் ஒரு ஷிப்டைக் கூட்டினால், அதற்கென்று ஆட்களையும் மேற்பார்வையாளரையும் பேருந்தையும் சாப்பாட்டையும் கூட்டுவார்கள். அவற்றைக் கூட்டாமல் இயந்திரத்தை ஓட்டச் சொல்லும் மேலாளர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

உதவி பெறும் கல்லூரிகளின் நிலையும் இதற்கு மாறானதன்று. ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்புவதற்கே அனுமதியை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டும். ஆகவே புதிய பாடங்கள் சுயநிதிப் பிரிவில் தொடங்கப்படுகின்றன. செலவைப் பெற்றோர் கட்டணமாகச் சுமக்கின்றனர். நம் திருச்சபை நடத்தும் கல்லூரிகளும் இவ்வழியில்தான் வளர்ந்தன. ஒரே வளாகத்தில், ஒரே பாடத்தை, இரு வேறு ஊதியத்தில் இரு ஆசிரியர் நடத்துவது நம்மிடையேயும் நிகழ்கிறது. பிறரைக் குறை கூறுமுன் இதைச் சொல்லிவிடுவது நலம்.

பல்கலைக்கழகங்களின் கதை இன்னும் விந்தையானது. அவற்றுக்கு மாநில அரசு அளிப்பது தொகுப்பு மானியம். அலுவலகத்தார் 'பிளாக் கிராண்ட்' என்பர். அனுமதிக்கப்பட்ட பணியாளரின் ஊதியம், ஓய்வூதியம் முதலிய செலவுகளையொட்டி அது கணக்கிடப்படுகிறது. தணிக்கையாளர் ஆட்சேபித்த செலவுகள் கழிக்கப்படுகின்றன. எத்தனை மாணவர் புதிதாகச் சேர்ந்தனர் என்பது அந்தக் கணக்கின் அச்சாணி அன்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1857இல் தோன்றியபோது அது பாடம் நடத்தவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. அதாவது, பிறந்த நாள் முதலே மாணவரின் கட்டணம் அதற்குப் பழகிய வருவாய். பிற்காலத்தில் துறைகள் தோன்றின, பேராசிரியர்கள் அமர்ந்தனர், அரசின் மானியமும் வந்தது. 1981இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கப்பெற்றது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. முடித்தவர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! அவர்கள் செலுத்திய கட்டணமே, மானியம் போதாத இடங்களைப் பல்லாண்டு காலம் அடைத்துவந்தது. பின்னர் மானியக் குழு தொலைநிலைக் கல்விக்கு எல்லை வகுத்தபோது அந்த வருவாய் சுருங்கியது. ஓய்வு பெற்றோர் தொகையோ ஆண்டுதோறும் கூடியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதே நோய்தான். ஊதியம் கேட்டு அங்குள்ளோர் போராட வேண்டியதாயிற்று.

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட தொகை 424 கோடி ரூபாய். நாளேட்டில் இதைப் படித்தபோது, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வரியா என்று நான் திகைத்தேன். காரணம் இது: 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், அரசினால் பெரும்பகுதி நிதி வழங்கப்பெறும் பல்கலைக்கழகத்துக்கு விலக்களித்தது. 'பெரும்பகுதி' என்பதற்கு 2014இல் ஒரு வரையறை வந்தது. மொத்த வரவில் அரசின் மானியம் பாதிக்குமேல் இருக்கவேண்டும் என்பதே அது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அந்த அளவு மானியம் வரவில்லை என்பது வரித்துறையின் வாதம்.

இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள். மாணவர் பெருகினர், மானியம் அதற்கேற்பப் பெருகவில்லை, பல்கலைக்கழகம் மாணவரிடம் கட்டணம் பெற்றுச் சமாளித்தது, சமாளித்ததனாலேயே, நீ அரசின் நிதியில் வாழ்பவன் அல்லன், வரி கட்டு என்ற கட்டளை வந்தது! அப்பனிடம் செலவுக்குக் கேட்டுக் கிடைக்காமல் கூலிக்குப் போன பிள்ளையை, நீ சம்பாதிக்கிறவன், வீட்டு வாடகை கொடு என்று கேட்டாற்போல இருக்கிறது.

தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மாணவர்கள் பயிலும் பாட நேரங்களை எண்ணி, பாடத்துக்குத் தக்க எடையிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் பங்கிடுகிறார்கள். ஆயின் எண்ணுவது முந்தைய ஆண்டின் தொகையை; பங்கிடுவது அடுத்த ஈராண்டுகளுக்கு. வேகமாக வளரும் கல்லூரி அங்கும் சில காலம் தன் கைப்பொருளில்தான் புதியவர்களுக்குக் கற்பிக்கவேண்டும். டென்னசி மாநிலம் 2010இல் சட்டம் இயற்றி, சேர்ந்தோரை எண்ணுவதை விட்டு, படிப்பில் முன்னேறியோரையும் பட்டம் பெற்றோரையும் எண்ணத் தொடங்கியது. நம் சென்னை மாகாணத்துக்கு இது புதுமையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்குள்ள பள்ளிகளுக்குத் தேர்ச்சியை அளந்து மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் அதைக் கைவிட்டார்கள்.

தலையெண்ணிக் கொடுக்கும் முறையின் கொடுமையை ஆகஸ்டு முதல் நாளன்று நான் அனுபவிக்கிறவன். 89 பிள்ளைகள் இருந்தாலும் கூரையும் கரும்பலகையும் சமையல் அடுப்பும் வேண்டியனவே. ஊரில் பிறப்பு குறைவது ஆசிரியையின் குற்றமன்று. ஆகவே முழுவதையும் தலைக்கணக்கில் வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நிலையான ஒரு பங்கு, மாணவர் தொகையைத் தொடர்ந்து வரும் ஒரு பங்கு என்று இரண்டும் கலந்திருப்பதே நியாயமாகத் தோன்றுகிறது. குறைந்தபட்சம், இருபது விழுக்காடு இடம் கூட்டும் ஆணை வெளியாகும் அன்றே, அதற்குரிய ஆசிரியர் எத்தனை பேர் என்ற வரியும் அதே தாளில் அச்சாக வேண்டும். மாணவியின் கையில் 1,000 ரூபாய் கொடுப்பதை நான் ஒருக்காலும் குறை கூறேன். எங்கள் வழக்கைத் தகப்பனாரிடம் வென்று கொடுத்ததே அத்தொகைதான். ஆனால் அது அவளைக் கல்லூரி வாயில்வரை கொண்டுசேர்க்கும் பணம். உள்ளே கரும்பலகையின்முன் ஒருவர் நிற்பதற்கு வேறு பணம் வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லுவேன். சேர்க்கைக்குச் செல்லும்போது, "சீட் உண்டா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், அவர்களுக்கான ஆணை எந்த மாதம் வரும் என்று கேளுங்கள். கல்லூரி முதல்வர் கோபித்துக்கொள்ளமாட்டார். பெரும்பாலும் அவரும் அதே கேள்வியை மேலிடத்துக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருப்பவர்தாம்.

அந்தப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு. சென்ற ஞாயிறு பாடற்குழுவில் நின்றாள். திருப்பலி முடிந்ததும் அழைத்து, "மேடம் வந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஒருத்தங்க வந்திருக்காங்க சாமி. நல்லா நடத்துறாங்க. ஏப்ரல் வரைக்கும் இருப்பாங்களாம்" என்றாள்.