"நீங்க என்ன கூட்டமுங்க?"



மூலனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் ஜில்லாவில், தாராபுரத்திலிருந்து கரூர் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். பருத்தி ஏலத்துக்கும் குட்டை முருங்கைக்கும் பேர்போனது. திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, மழை ஏமாற்றியதைப் பற்றி நாலு வார்த்தை பேசியான பிறகு, வீட்டுப் பாட்டியம்மாள் மெதுவாகக் கேட்பார்: "ஏன் அம்மணி, நீங்க என்ன கூட்டமுங்க?"

பட்டணத்துப் பெண்ணானால் விழிப்பீர்கள். 'கூட்டமா? நான் ஒருத்திதானே வந்திருக்கிறேன்!' என்று சுற்றுமுற்றும் பார்த்தாலும் பார்ப்பீர்கள். பாட்டி கேட்டது ஆள் கணக்கை அல்ல. உங்கள் குடும்பப் பெயரை.

தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். வடக்கே சர்மா, பானர்ஜி, பட்டேல் என்று வால் இருக்கும்; நமக்கோ முன்னால் ஓர் எழுத்து, அதற்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் கொங்கு நாட்டில், முக்கியமாகக் கொங்கு வேளாளக் கவுண்டர் வீடுகளில், எழுத்திலே வராமல் பேச்சிலே மட்டும் வாழ்கிற ஒரு குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அதற்குத்தான் கூட்டம் என்று பெயர். கொங்கில் வேறு சில சமூகங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. ரேஷன் கார்டில் இராது. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் இராது. கல்யாணப் பேச்சு எழுந்தால் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும்.

ஒரு கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. வேறு கூட்டத்தார் மாமன் மச்சான் முறை. அங்கேதான் பெண் எடுக்கலாம், கொடுக்கலாம். ஜாதகம் பார்ப்பது அதற்கும் அப்புறம்தான்.

எழுத்தில் ஏறிய ஒரு பெயர்

இந்தப் பெயர்களில் ஒன்று நம்மில் பலருக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தின் பெயர் என்றுதான் தெரியாது. பெரியசாமித் தூரனைக் கேள்விப்படாதவர் உண்டா? ஈரோட்டுச் சீமையில் மஞ்சக்காட்டுவலசு என்ற கிராமத்தில் 1908ல் பிறந்தவர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டு வந்தவர். அவர் கீர்த்தனைகளைக் கச்சேரிகளில் இன்றும் பாடுகிறார்கள். 1968ல் பத்மபூஷண் பட்டம் பெற்றார். 'தூரன்' என்பது அவர் சூட்டிக்கொண்ட கவிராயர் பட்டமல்ல. அவர் பிறந்த கூட்டத்தின் பெயர். சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது சர்வ சாதாரணமாக இருந்த காலத்தில், அதை விட்டுவிட்டுக் கூட்டப் பெயரை எடுத்துக்கொண்டார். அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர்தான். அதனால்தான் அச்சில் பார்க்கும்போது அந்தப் பெயர் நமக்கு அபூர்வமாகப் படுகிறது.

ஆந்தையா, அப்பாவா?

மற்றக் கூட்டங்களின் பெயர்களைக் கேட்டால் சிரிப்பும் வரும், ஆச்சரியமும் வரும். காடை ஒரு கூட்டம். செம்பூத்தான் ஒரு கூட்டம். செம்போத்துப் பறவை ஞாபகம் வருகிறதல்லவா? ஈஞ்சன், கண்ணன், கீரன், அந்துவன், சாத்தந்தை, வண்ணக்கன் என்று வரிசை நீளும். வண்ணக்கன் என்பது பழந்தமிழில் நாணயத்தை உரசிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவரின் பெயர். சங்கப் புலவர்களிலேயே வண்ணக்கன் என்ற அடைமொழி உள்ளவர்கள் இருக்கிறார்கள். ரோமாபுரிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்த கொங்கு மண்ணில் இப்படி ஒரு பெயர் இருப்பது பொருத்தந்தானே?

எல்லாவற்றிலும் விசித்திரமானது ஆந்தைக் கூட்டம். வாசலில் ஆந்தை அலறினால் கதவைச் சாத்திக்கொள்கிற நாட்டில், அதன் பெயரை யார் ஆசைப்பட்டு வைத்துக்கொள்வார்கள்? பறவையின் பெயர்தான் என்று சொல்கிறவர்கள் பலர். காடையும் செம்போத்தும் இருக்கும்போது ஆந்தை மட்டும் ஏன் கூடாது என்பது அவர்கள் கட்சி.

ஆனால் தொல்காப்பியத்தைத் திறந்தால் வேறு கதை கிடைக்கிறது. 'தந்தை' என்ற சொல் ஆளின் பெயரோடு சேரும்போது எப்படிச் சுருங்கும் என்று எழுத்ததிகாரத்தில் விதி இருக்கிறது. உரைகாரர்கள் உதாரணமும் காட்டுகிறார்கள். சாத்தன் தந்தை, சாத்தந்தை ஆகும். பூதன் தந்தை, பூந்தை ஆகும். ஆதன் தந்தை, ஆந்தை ஆகும்! கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நட்புக் கொண்ட பிசிராந்தையாரின் பெயரையும் இப்படித்தான் பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். பிசிர் என்பது ஊர். ஆந்தை என்பது ஆதனின் அப்பா.

ஆதன் என்ற பெயர் அந்தக் காலத்தில் அபூர்வமானதும் அல்ல. கரூரை அடுத்த புகழூரில், ஆறுநாட்டார் மலைப் பாறையில் வெட்டிய சுமார் 1,800 வருஷத்துக் கல்வெட்டில் ஆதன் என்ற சேர அரசனின் பெயர் இருக்கிறது. கீழடியில் தோண்டியெடுத்த பானை ஓடுகளிலும் ஆதன் இருக்கிறான்.

இரண்டில் எது சரி? எனக்கு இலக்கணத்தின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஏனென்றால் ஆந்தைக்குப் பக்கத்திலேயே சாத்தந்தை என்று ஒரு கூட்டம் நிற்கிறது. சாத்தந்தை என்று எந்தப் பறவை இருக்கிறது, சொல்லுங்கள்! ஒரே அச்சில் வார்த்த இரண்டு பெயர்கள் போலத்தான் அவை தோன்றுகின்றன. பெயர் ஒற்றுமையை வைத்துக்கொண்டு, இன்றைய குடும்பங்கள் சங்ககாலத்து ஆதனின் நேர் வாரிசுகள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு நீளமான வம்சாவளியை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதில் இன்னொரு ருசி இருக்கிறது. இன்று பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து நிற்கிறது. அன்றோ பிள்ளையின் பெயரால் அப்பாவை அழைத்திருக்கிறார்கள். இப்போதும் நம் தெருவில் உங்களை யார் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? 'செல்வி அம்மா', 'ரவி அம்மா' என்றுதானே? அந்தப் பழக்கத்துக்குத் தொல்காப்பியத்து வயசு!

எத்தனை பேர்?

கூட்டம் அறுபது என்று வழக்கிலே சொல்வார்கள். பட்டியல் போட்டவர்கள் அதையும் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று கேட்டால் சர்க்காரிடம் பதில் கிடையாது. ஜனத்தொகைக் கணக்கில் எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்டது 1931ல்தான் கடைசி. அப்போதும் கூட்டத்தை யாரும் எண்ணவில்லை. பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் 1960களில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, கொங்கு நாட்டுச் சாதிகளையும் உறவு முறைகளையும் ஆராய்ந்து 1972ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அதுவும் குறிப்பிட்ட சில கிராமங்களின் கணக்குத்தான்.

ஆனாலும் கணக்கு ஒன்று உண்டு. அது குலதெய்வக் கோயிலில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி ஊர் என்று ஒன்றோ பலவோ உண்டு; அங்கே அவர்களுடைய தெய்வம் இருக்கும். மூலனூர் வஞ்சியம்மனைக் கும்பிடுகிற குடும்பங்கள் இன்று எத்தனையோ ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்தவர்கள், கோயமுத்தூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள், கடல் கடந்து போனவர்கள் எல்லோருக்கும் கும்பாபிஷேகப் பத்திரிகை போகும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலாகும். குடிப்பாட்டு மக்கள் எத்தனை குடும்பம் என்பது அந்த வரி நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் பிள்ளை. மகளுக்குக் கல்யாணமானால் அவள் இந்த நோட்டிலிருந்து நகர்ந்து, கணவன் வீட்டு நோட்டில் ஒரு தலைக்கட்டுக்குள்ளே அடங்கிவிடுகிறாள். இரண்டு கூட்டத்துக்கும் உறவுக்காரி. இரண்டு நோட்டிலும் அவளுக்குத் தனி வரி கிடையாது!

வாலும் விண்ணப்பமும்

பாட்டியின் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. உறவு தேடிக் கேட்பவர் போலவே, சாதி தெரிந்துகொள்ளச் சாமர்த்தியமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். நாளடைவில் தமிழ்நாட்டில் அந்த வால் பெரும்பாலும் உதிர்ந்தது. அதனால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து பெயர் சொல்ல முடிந்தது. கூட்டப் பெயர் எழுத்தில் இல்லாததால் அதை யாரும் வெட்டவும் இல்லை.

இப்போது வால் வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு என்று தனிக் கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் அமெரிக்காவில் விசாவில் குழப்பம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது, நம்மவர்கள் எத்தனை பேர் திண்டாடினார்கள்! அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரையோ கணவரின் பெயரையோ போட்டு ஒப்பேற்றுகிறோம். அம்மாவின் பெயரைப் போட நினைக்கிறவர்கள் எத்தனை பேர்?

பாதிக் கணக்கு

இத்தனையும் சொல்லி வந்தது ஒரு காரியத்துக்காக. கூட்டம் வேறாக இருந்தால் இரத்தமும் வேறு என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருக்கிறது.

கூட்டம் தகப்பன் வழியில் மட்டும் இறங்குகிறது. தாய்மாமன் மகள் வேறு கூட்டம். அத்தை மகன் வேறு கூட்டம். அக்காள் மகளும் வேறு கூட்டம்தான். ஆகவே கூட்டக் கணக்கில் எல்லாம் சரி. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் அவன் உடன்பிறந்தாளுக்கும் இணைச்சீர் என்று ஒரு சீர் செய்கிறார்களே, அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் உறவு விட்டுப் போகக்கூடாது என்ற ஆசை அதில் இருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் வைத்தியர்களின் கணக்கு வேறு. மாமன் மகளும் அத்தை மகனும் பரம்பரைக் கூறுகளில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர்கள். தாய்மாமனும் மருமகளும் நாலில் ஒரு பங்கு. மறைந்து கிடக்கும் ஒரே குறை இரண்டு பேரிடமும் இருந்துவிட்டால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் அது வெளிப்பட நாலில் ஒரு வாய்ப்பு.

இங்கிலாந்தில் பிராட்போர்டு என்ற ஊரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2013ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. பிறவிக் குறை பொதுவாக நூற்றுக்கு 3. பெற்றோர் இப்படி ஒன்றுவிட்ட உறவாக இருந்தால் 6. நூற்றுக்கு 94 குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. பயந்து சாக வேண்டியதில்லை. ஆனால் அபாயம் இரண்டு மடங்கு. உறவுக் கல்யாணம் மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கம், இருபது தலைமுறைக்கு முன்னால் பிரிந்துபோன ஒரே கூட்டத்துப் பையனும் பெண்ணும் இரத்தத்தில் கிட்டத்தட்ட அந்நியர்கள். அவர்களை அண்ணன் தங்கை என்பது நம் மரியாதை; வைத்தியம் அல்ல. சட்டமும் இதைத் தடுப்பதில்லை. ஒரே கோத்திரத்தில் நடந்தது என்பதற்காக ஒரு கல்யாணம் செல்லாமல் போகாது என்று 1946லேயே சட்டம் வந்துவிட்டது.

நம் வீட்டுப் பெண்கள் ராத்திரி தூங்காமல் பார்க்கிற கொரிய சீரியல்கள் இருக்கின்றனவே, அந்த நாட்டிலும் இதே சங்கதி இருந்தது. ஒரே குடும்பப் பெயர், ஒரே பூர்வீக ஊர் என்றால் கல்யாணம் கூடாது என்று சட்டமே இருந்தது. லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே பெயர் உள்ள தேசம் அது! காதலித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1997ல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 2005ல் சட்டத்தைத் திருத்தி, பெயரை விட்டுவிட்டு, அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் நெருங்கிய இரத்த உறவைக் கணக்கிட்டார்கள். அம்மாவின் பக்கமும் எண்ணிக்கைக்கு வந்தது.

நாமும் அதை வீட்டிலேயே செய்யலாம். அதற்குச் சட்டம் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்தில் அப்பாவின் கூட்டம், ஊர், குலதெய்வம். எதிர்ப்பக்கத்தில் அம்மா பிறந்த கூட்டம், அவள் அம்மா பிறந்த கூட்டம், அதற்கும் மேலே உள்ள பாட்டியின் ஊர். உங்கள் சமூகத்தில் கூட்டம் இல்லாவிட்டால் ஊரும் பெயரும் எழுதினால் போதும். யார் யாருக்குள் உறவுக் கல்யாணம் நடந்தது, எந்தக் குழந்தைக்கு என்ன நோய் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ போகும்போது அந்த நோட்டும் கூட வரட்டும். உறவுக்குள்ளேதான் முடிக்கிறோம் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், தேதி குறிக்குமுன் நோட்டோடு டாக்டரிடம் ஒரு நடை போய்வாருங்கள்.

வருகிற முறை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது, அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கிற கிழவிகளைக் கேளுங்கள். எட்டு வீட்டு உறவையும் விரல் மடக்கிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். பேனாவை மறக்காமல் எடுத்துப் போங்கள்.